ஓரறை வீட்டில் மூன்றாவது ஆள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் மாணவர் பக்கத்தில் 'தேர்ட் வீல்' என்ற ஆங்கில வழக்கை விளக்கியிருந்தீர்கள். ஒரு ஜோடியோடு கூடவே இருந்துகொண்டு, 'இங்கே நாம் வேண்டாத ஆள்' என்று நெளிகிறவரை அப்படிச் சொல்வார்கள். மூன்று நண்பர்கள் சினிமாவுக்குப் போவதை எடுத்துக்காட்டாகக் கொடுத்திருந்தீர்கள். பிள்ளைகளுக்குப் புரிய அது போதும். ஆனால் சினிமா மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்கள் வடசென்னைப் பகுதியில் எத்தனையோ ஓரறை வீடுகளில் இது ராத்திரிதோறும் நடக்கிறது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு எல்லோரும் விழுங்கிக்கொள்கிறார்கள். நான் எழுதிவிடுகிறேன்.

நிச்சயமான பெண்ணும் மாப்பிள்ளையும் எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போனால் பெண்ணின் தம்பியைக் கூட அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கம். சிவபூஜையில் கரடி என்று அவனைக் கேலி செய்வார்கள். அது ஒரு நாள் சமாசாரம். வீட்டுக்குள் நடப்பது வேறு.

தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டை என்று எங்கே தேடினாலும் எங்கள் வருமானத்துக்கு வாடகைக்குக் கிடைப்பது ஒரு ரூமும் அதையொட்டி ஒரு அடுப்படியும்தான். 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் கட்டிக்கொடுத்த பழைய அடுக்குகளிலும் இதே நிலைதான். 2021இல் வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். பழைய வீடுகளின் சுவர்கள் அப்படியேதான் நிற்கின்றன. அந்த ஒரு ரூமில் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வருகிறாள். கணவனை இழந்த அம்மா, கல்யாணமாகாத நாத்தனார், பத்தாவது படிக்கும் கொழுந்தன் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். நடுவில் ஒரு கயிறு, அதில் ஒரு பழைய புடவை. அதுதான் மறைப்பு.

ஆண்களுக்காவது வெளியே இடம் உண்டு. தெருமுனை கேரம் கிளப், டீக்கடை, மொட்டை மாடி, மீன்பிடித் துறைமுகத்தில் படகு என்று எங்காவது படுத்து எழுந்துவிடுவார்கள். பெண்களுக்கு மாடிப்படிதான். இல்லையென்றால் பக்கத்து வீட்டு டிவி, அல்லது கோயில் நடை சாத்தும்வரை அங்கே உட்கார்ந்திருப்பது. நானும் அப்படி உட்கார்ந்திருப்பவள்தான். திரும்பி வரும்போது பாருங்கள், படியேறும் அம்மாக்கள் எல்லோரும் யாருடனாவது உரக்கப் பேசிக்கொண்டே ஏறுவோம். பேச ஆளில்லையென்றால் இருமல். உள்ளே இருப்பவர்களுக்கு நாங்கள் வருவது தெரிய வேண்டுமல்லவா! ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் மொட்டை மாடியும் போச்சு. மழையில் எல்லோரும் அந்த ஒரு ரூமுக்குள்தான்.

என் மகனோ மருமகளோ என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் செருப்பை மாட்டினாலே, "எங்கே அத்தை கிளம்பிட்டீங்க, உட்காருங்க" என்பாள் அந்தப் பெண். அவள் மனசார சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என்னால் உட்கார முடிவதில்லை. அவள் நிலைமையும் லேசானதில்லை. புருஷனோடு வாய்விட்டுச் சிரிக்க முடியாது. ஒரு சண்டையைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் போட முடியும். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே இவர்களை முறைத்துப் பார்க்கிறவர்கள் ஆயிரம் பேர். மாமியார் மருமகள் சண்டை என்று ஊர் பேசுவதில் பாதி, இப்படி ஒருவருக்கொருவர் இடைஞ்சலாக இருக்கிறோமே என்ற வேதனையிலிருந்து வருவது என்பது என் எண்ணம்.

இதைக் குடும்ப விஷயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அரசே இதைக் கணக்கெடுத்திருக்கிறது. நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை மதிப்பிட மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, 2012இல் நாடு முழுவதும் 1 கோடியே 87 லட்சத்துக்கும் மேல் வீடுகள் போதவில்லை என்று சொன்னது. அதில் வீடே இல்லாமல் தெருவில் இருப்பவர்கள் சுமார் 5 லட்சம் குடும்பங்கள். ஏறக்குறைய 1 கோடியே 50 லட்சம் குடும்பங்களுக்கு வீடு இருந்தது, நெரிசல்தான் குறை. தம்பதிக்கென்று தனி அறை இல்லாத வீட்டைத்தான் அந்தக் குழு நெரிசல் வீடு என்று கணக்கில் எடுத்தது. அதாவது பற்றாக்குறையில் ஐந்தில் நான்கு பங்கு எங்களைப் போன்ற வீடுகள்.

இப்போது பழைய அடுக்குகளை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். சுமார் 400 சதுர அடியில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, உள்ளேயே கழிப்பறை. நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். கதவு வைத்த ஒரு அறை எங்களுக்குப் பெரிய விஷயம். 2015இல் தொடங்கிய பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கு 30 சதுர மீட்டர் வரை, சுமார் 323 சதுர அடிதான் கணக்காக இருந்தது. அந்த அளவோடு நிறுத்திவிடாமல் இங்கே கூடுதலாகக் கட்டுவது சரியான முடிவு. ஆனால் மாடிக்கு மாடி வீடுகளை அடுக்குகிறவர்கள் ஒரு பொது அறையை மறந்துவிடுகிறார்கள். ஃபேனும் விளக்கும் நாலு நாற்காலியும் போட்டு, பெண்கள் ராத்திரி பத்து மணிவரை பயமில்லாமல் உட்காரும்படி ஒன்று வேண்டும்.

2023இல் 1,000 கோடி ரூபாயில் அறிவித்த வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் இதற்கும் இடமிருக்க வேண்டும். கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் மாணவர்கள் படிக்கிறார்கள், இளைஞர்கள் கம்ப்யூட்டரை வைத்து வேலை பார்க்கிறார்கள். வீட்டில் இடமில்லாத பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! வயதான பெண்களுக்கும் அப்படி ஒன்று தெருவுக்குத் தெரு வேண்டும் என்று கேட்பது பேராசையா? "மகள் வீட்டுக்குப் போய் இருக்கலாமே" என்பார்கள். மகள் வீடும் ஒரு ரூம்தான்.

வாரிய அதிகாரிகளுக்கு உங்கள் பத்திரிகை மூலம் ஒரு வேண்டுகோள். எங்கள் பகுதியில் இடித்துக் கட்டப்போகும் குடியிருப்புகளுக்கு வரைபடம் போடும்போது, அதை முடிவு செய்வதற்கு முன் ஒரு மாலை இங்கே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81