பார்ட்டிஷன் போடப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. போனில் சொன்னால் அளவுகள் மறந்துபோகும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்டட்டுக்கு ஸ்டட், அதாவது நிமிர்ந்து நிற்கும் ஒரு இரும்புச் சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு, 600 மி.மீ. என்று நீயே குறித்திருக்கிறாய். சரிதான். இரண்டு பக்கமும் தாள் ஒட்டிய ஜிப்சம் போர்டு 1200 மி.மீ. அகலம், அதனால் அதன் இரண்டு ஓரமும் ஸ்டட்டின் நடுவில் வந்து உட்காரும். எட்டு வயதிலேயே ரசமட்டத்தில் குமிழியை நடுவுக்குக் கொண்டுவரத் தெரிந்தவள் நீ. என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்குக் கடைசிவரை அது வரவில்லை.

ஆனால் தனியாகவே போட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. 12.5 மி.மீ. கனம், 1200க்கு 2400 அளவு என்றால் ஒரு போர்டு 25 கிலோ பக்கம் வரும். எடையை நீ சமாளித்துவிடுவாய். படுக்கைவாட்டில் தூக்கினால் நடுவில் தொய்ந்து முறியும், நிமிர்த்தித் தூக்கினால் எதிரே இருப்பது தெரியாது. மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். மாப்பிள்ளைக்கு வேலை அதிகமா?

சரி, வேலையைச் சொல்கிறேன். முதலில் தரையில் நூல் அடித்துக் கோடு போடு. தூக்குக்குண்டு விட்டு அதே கோட்டை மேலே ஏற்று. ஸ்டட்டைப் பிடித்துக்கொள்ளத் தரையிலும் மேலேயும் அடிக்கும் சேனலுக்கு டிரில் போடும் முன் அந்த இடத்தில் வயரோ குழாயோ ஓடுகிறதா என்று பார்த்துக்கொள். போர்டை அறுக்க ரம்பம் வேண்டாம். முகப்புத் தாளைக் கத்தியால் ஒரே இழுப்பில் கீறி, பின்பக்கம் முழங்காலைக் கொடுத்து மடக்கினால் கீறிய இடத்திலேயே முறியும். பிறகு பின்தாளை வெட்டு. நிறுத்தும்போது தரையிலிருந்து 10 மி.மீ. தூக்கியே வை, இல்லாவிட்டால் கீழே சிந்துகிற தண்ணீரை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அந்த இடைவெளியைச் சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிடும்.

இரும்பு ஸ்டட்டில் முதல் அடுக்கு போர்டுக்கு 25 மி.மீ. ஸ்க்ரூ போதும், 300 மி.மீ.க்கு ஒன்று. நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போ. ஸ்க்ரூவின் தலை தாளை லேசாகக் குழித்துக்கொண்டு உட்காரவேண்டும், தாள் கிழியக் கூடாது. பிடிப்பெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. அது கிழிந்துவிட்டால் உள்ளே இருக்கும் ஜிப்சம் ஸ்க்ரூவைத் தாங்காது. கிழிந்தால் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி இன்னொன்று போடு. இதற்கும் ஒருவர் போர்டை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஸ்க்ரூ அடிக்கவேண்டும். முன்பே சொன்னேனோ?

அப்புறம், அந்தப் பக்கத்துச் சத்தம் இந்தப் பக்கம் கேட்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். ஸ்டட்டுகளுக்கு நடுவே ராக்வூல் என்கிற கல்பஞ்சை வை, இடைவெளி விடாமல். இரண்டு பக்கமும் இரண்டு அடுக்கு போர்டு, மேலடுக்குக்கு ஸ்டட்டை எட்டும் நீள ஸ்க்ரூ வேண்டும், மேலடுக்கின் ஜாயிண்ட் கீழடுக்கின் ஜாயிண்ட் மேல் விழக் கூடாது. சுற்று ஓரம் முழுக்க சந்தை அடைக்கும் சீலன்ட். சின்னச் சந்து இருந்தாலும் போதும், நீ செலவழித்த அத்தனையும் வீண். பிளக் பாயிண்டுகளை ஒன்றுக்கு நேர் முதுகாக இன்னொன்று வைக்காதே.

என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பின்னறைச் சுவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு பார்க்க ஒரு இடம் வேண்டும் என்று உங்களிடம் சொன்னேன். நீ அப்போது பத்தாவது. கணக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் அம்மாவிடம் பேசாமல் இருக்க எனக்கு ஒரு சுவர் வேண்டியிருந்தது. இரண்டே நாளில் போட்டேன். ராக்வூல் வைக்கவில்லை. அவள் இருமுவது கேட்கும். இருட்டில் தண்ணீர்ச் சொம்பைத் தடவித் தேடுவது கேட்கும். எழுந்து போகவில்லை. பதினோரு மாதம். கரண்ட் பில்லிலிருந்து உன் பரீட்சைக் கட்டணம் வரைக்கும் இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் நீதான் கொண்டுபோனாய். அந்த வேலையை உன் தலையில் கட்டியவன் நான். கடைசியில் சுவரைப் பிரித்தபோதுகூட எலித் தொல்லை என்றுதான் சொன்னேன். எலியும் கிடையாது. உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். என் வாயால் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஜாயிண்ட் வேலைக்கு வருகிறேன். போர்டின் நீள ஓரம் சற்றுச் சரிந்திருக்கும், அந்தப் பக்கம் வெளியே பார்க்க வை. அந்தப் பள்ளத்தில் ஜாயிண்டை அடைக்கும் கம்பவுண்ட் பசையைப் பூசி, பேப்பர் டேப்பைப் பதித்து, உள்ளே காற்று நிற்காமல் தகட்டால் இழு. மொத்தம் மூன்று கோட், ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக. ஒவ்வொரு கோட்டும் முழுக்கக் காயவேண்டும். ரெடிமிக்ஸ் கம்பவுண்ட் என்றால் ஒரு நாளாவது விடு. நீ விடமாட்டாய், எனக்குத் தெரியும். ஈரத்தின் மேல் அடுத்ததைப் பூசினால் சுருங்கி வெடிப்பு விடும். உப்புத்தாள் 150 நம்பர் போதும், முகமூடி போட்டுக்கொண்டு தேய். டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்து அடித்துப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியும். பெயிண்டுக்கு முன் பிரைமர் கட்டாயம். தாளும் கம்பவுண்டும் பெயிண்டை ஒரே மாதிரி குடிப்பதில்லை. பிரைமர் இல்லாவிட்டால் எந்த இடத்தில் சேர்த்தாய் என்பது வெயில் சாய்வாக விழும் நேரமெல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும்.

அம்மாவுக்குக் கண் கட்டு பிரித்தாகிவிட்டது. நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். உன் படத்தை அவளிடம் காட்டினேன். கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கதவு எங்கே என்றாள்.

நான் ஸ்டட்டையே எண்ணிக்கொண்டிருந்ததில் அது என் கண்ணில் படவில்லை. அந்தப் பாதிக்கு வராந்தா வழியாகப் போகலாம், தெரியும். இருந்தாலும் இப்போதே ஒரு வாசலுக்கு இடம் விட்டுவிடு. பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றால் நட்ட ஸ்டட்டை அறுக்கவேண்டிவரும். இரண்டு பக்கத்து ஸ்டட்டுக்குள்ளும் மரச்சட்டம் செருகு, மேலே குறுக்காக ஒரு சேனல். வாசலின் மேல் மூலைக்கு நேராக போர்டு ஜாயிண்ட் வரக் கூடாது, கதவு அடிக்கிற அதிர்ச்சியில் அங்கேதான் விரிசல் விடும். மூலையைச் சுற்றி ஒரே போர்டாக வெட்டிப் போடு. கதவு மாட்டுவதும் மாட்டாததும் உன் இஷ்டம்.

சனிக்கிழமை வருகிறேன். அம்மாவும் வருகிறாள், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நான் எதையும் கேட்கமாட்டேன், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதுவரை போர்டைச் சுவரில் சாய்த்து வைக்காதே, வளைந்துவிடும். தரையில் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு அதன் மேல் படுக்கவை.

அப்பா