பாரசீகக் காலாட்படைக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த பண்டைய பாரசீகப் படை பற்றிய கட்டுரை, குதிரைப்படையையும் தேர்களையும் விரிவாகச் சொல்லிவிட்டு, காலாட்படையை 'வெறும் கூட்டம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது சரியல்ல. முன்வரிசை, குச்சி முடைந்து செய்த பெரிய கேடயங்களைச் சுவர்போல் நிறுத்தும், அதன் மறைவில் பின்வரிசைகள் அம்பு மழை பொழியும். இந்த ஒழுங்கு வெறும் கூட்டத்துக்கு வருமா என்ன? கி.மு. 479-இல் கிரேக்க நாட்டின் பிளாட்டியாவில் நடந்த போரில் கிரேக்கர்களிடம் தோற்றார்கள்தான், ஆனால் துணிவிலோ பலத்திலோ அவர்கள் குறைந்தவர்கள் இல்லை, கவசம்தான் இல்லை என்று கிரேக்க வரலாற்றாசிரியரான ஹெரோடோட்டஸே எழுதியிருக்கிறார்.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் பாரசீகப் பேரரசின் தலைநகரங்களில் ஒன்றான சூசாவின் அரண்மனையிலிருந்து வந்த வண்ணச் செங்கல் வீரர்களைப் பார்த்திருக்கிறேன்: ஒரே ஆளிடம் ஈட்டி, வில், அம்பறாத்தூணி மூன்றும். அடுத்த வாரம் அந்தச் செங்கல் வீரர்களின் படத்தோடு காலாட்படைக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.