ஆரியங்காவு ஏற்றத்தில் கொதித்த வண்டி

கோயம்புத்தூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெயர் வைத்துவிட்டீர்களா? எனக்கு முழங்கால் வலி ஒன்றுதான், மற்றபடி சுகம்.

அப்பாவின் அம்பாசிடர் மறுபடி ரோட்டுக்கு வந்துவிட்டதாமே! மழைக்காலத்துக் காலையில் நாம் இரண்டு பேரும் தள்ளி ஸ்டார்ட் செய்த அதே மார்க் 2. ஆனால் ஆரியங்காவு ஏற்றத்தில் கொதித்து நின்றது, அலுமினிய ரேடியேட்டர் வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வாங்காதே.

உன் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. டவுனில் சிக்னலில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறவில்லை, ஏற்றத்திலும் நாற்கரச் சாலையில் 70-ல் போகும்போதும்தான் ஏறுகிறது என்கிறாய். நிற்கும்போது சூடேறினால் காற்று போதவில்லை. ஃபேனையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். ஓட ஓடச் சூடேறினால் பெரும்பாலும் தண்ணீர் ஓட்டம்தான் குறை. உன் ரேடியேட்டரின் கோரில், அதாவது தண்ணீர் ஓடும் நடுப்பகுதியில், பல டியூப்கள் அடைத்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஆஃப் செய்துவிட்டு, கோரின் முன்பக்கம் உள்ளங்கையை மெதுவாக நகர்த்திப் பார். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு இடம் மட்டும் சில்லென்று இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. கழற்றிய பிறகு மேல் வாய் வழியாக ஒரு வாளித் தண்ணீரை ஊற்று. ஊற்றுகிற வேகத்திலேயே கீழே கொட்ட வேண்டும்.

அடைப்பு உறுதியானால் மேல் டேங்க், கீழ் டேங்க், பக்கச் சட்டம் மூன்றையும் வைத்துக்கொண்டு கோரை மட்டும் புதிதாகப் போடு. பித்தளை டியூப், அவற்றுக்கிடையே செம்புத் தகடு (ஃபின்), அதே அகலம், அதே உயரம். டியூப்களை ஒன்றன்பின் ஒன்றாக நாலு வரிசை போட்டால் இன்னும் குளிரும் என்று பட்டறையில் சொல்வார்கள். பின் வரிசைக்குப் போய்ச் சேருவது முன் வரிசைகளில் ஏற்கெனவே சூடான காற்று. கோர் தடிக்கத் தடிக்க ஃபேன் இழுப்பதும் சிரமம். 1489 சிசி இன்ஜினுக்கு நல்ல மூன்று வரிசை தாராளம்.

அலுமினியத்தை நான் குறை சொல்லவில்லை. செம்பைவிட அது வெப்பம் கடத்துவது குறைவுதான், ஆனால் அகலமான டியூப் போட முடிவதால் நன்றாகவே குளிர்விக்கும். பழைய வார்ப்பிரும்பு இன்ஜினோடு அதைச் சேர்த்துப் போர்வெல் தண்ணீரை ஊற்றினால்தான் வினை. என் பத்மினி காரில் அப்படித்தான் செய்தேன். இரண்டு வருஷத்தில் ஊசித் துளை விழுந்து, சுற்றிலும் வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. நீ எந்த ரேடியேட்டர் போட்டாலும், பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்று.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. புதுக் கோரை மாட்டுமுன் இன்ஜின் பிளாக்கைக் கழுவு. ஐம்பது வருஷத் துருவும் சேறும் நாலாவது சிலிண்டரைச் சுற்றித்தான் படியும். வடிகால் குழாயைத் திறந்தால் ஒன்றும் வராது, கம்பி விட்டுக் குத்த வேண்டியிருக்கும். பக்கவாட்டுத் துளைகளை அடைத்திருக்கும் தகட்டு மூடிகளை (வெல்ச் பிளக்) கழற்றித் தண்ணீர் பீய்ச்சு, நிறம் தெளியும்வரை. இதைச் செய்யாவிட்டால் அந்தச் சேறு முழுதும் ஆறு மாதத்தில் புதுக் கோருக்குள் போய் உட்காரும்.

ரேடியேட்டர் மூடி 7 பவுண்டு அழுத்தம் தாங்குவது போதும். அதற்கே கொதிநிலை 11 டிகிரி கூடும். அதிகம் போட்டால் பழைய ஈயப் பற்று தாங்காது. இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னால் கேட்காதே. 82 டிகிரியில் திறக்கிற புதியது ஒன்று போடு. டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், பின்தங்கியிருந்தாலும் இன்ஜின் சூடேறும், அதையும் ஒருமுறை பார்த்துவிடு.

கைவைத்துப் பார்த்ததும் எழுது. கோர் போடுவதென்றால் ரேடியேட்டரைச் சாக்கில் சுற்றி பார்சல் சர்வீசில் எனக்கு அனுப்பு. இங்கே நான் நம்பும் ஒரு பட்டறை இருக்கிறது. பக்கத்தில் நின்று வேலை வாங்கி, தை மாதம் பேத்தியைப் பார்க்க வரும்போது நானே எடுத்து வருகிறேன்.

உன்,
ராஜாமணி