மதியமே கலக்கி வைத்துவிடாதே

அன்புள்ள கண்ணம்மா,

உன் செய்தி நேற்று இரவு வந்தது. இந்தப் பண்டிகைக்கும் லீவு கிடைக்கவில்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாய். அம்மா அந்த வரியோடு போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மீதியை நான்தான் படித்தேன். பண்டிகை அன்று மாலையில் நண்பர்கள் ஏழு பேர் வருகிறார்கள், நீங்கள் பண்டிகைக்குச் செய்யும் புதினா மில்க்ஷேக்கை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும், அளவு சொல்லுங்கள் அப்பா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"வேலையெல்லாம் மதியமே முடித்து, ஷேக்கையும் கலக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் நிம்மதி" என்று கடைசியில் எழுதியிருக்கிறாயே, அது மட்டும் வேண்டாம். நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நான் அப்படிச் செய்தேன். வந்தவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்ற ஆசையில் காலையிலேயே ஒரு பெரிய ஜக் நிறையக் கலக்கி வைத்தேன். மாலையில் எடுத்துப் பார்த்தால் மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை, கீழே பச்சைத் தண்ணீர், அடியில் இலைத் தூள். திரும்பவும் மிக்ஸியில் அடித்தேன், சேரவில்லை. வந்தவர்கள் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்கள். நீ மட்டும் முழுதையும் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து என்னிடம் காட்டினாய். அதை நான் மறக்கவில்லை.

மில்க்ஷேக் என்பது பாதி நுரை, பாதி பனி. கண்ணுக்குத் தெரியாத பனித்துகள்களும் காற்றுக் குமிழ்களும் பாலில் மிதந்துகொண்டிருப்பதால்தான் அது கெட்டியாக இருக்கிறது. பனி உருகினால் குமிழ்களைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. அவை மேலே வந்துவிடும், பால் கீழே இறங்கிவிடும். ஃப்ரீசரில் வைத்தாலும் பயனில்லை. பெரிய பெரிய பனிக்கட்டியாக உறைந்து வாயில் நறநறக்கும். அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள். புதினாவின் மணத்தைப் பாலில் இறக்குவது முந்தின நாள் வேலை. அதற்கு நேரம் வேண்டும். ஐஸ்கிரீமோடு அடிப்பது எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு. அதற்கு ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் போதும்.

முதலில் புதினா. கட்டை வாங்கும் முன் ஓர் இலையை விரலால் லேசாகக் கசக்கி முகர்ந்து பார். இலையின் மேல், அதுவும் அடிப்பக்கம் அதிகமாக, மிக நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மணம் முழுக்க அவற்றில்தான். சமையலுக்குப் பரவலாகக் கிடைப்பது ஸ்பியர்மின்ட் வகை. அது இனிப்பான, மென்மையான மணம். மூக்கில் சட்டென்று ஏறிக் குளிர்ந்தால் அது பெப்பர்மின்ட், குளிர்ச்சி தரும் மென்தால் அதில்தான் அதிகம். ஷேக்குக்கு இரண்டும் சரிதான். நான் பாதிக்குப் பாதி போடுவேன். ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் ஸ்பியர்மின்ட்டே எடு, அது பாலை மீறிக்கொண்டு போகாது.

எட்டுப் பேருக்கு முக்கால் லிட்டர் கொழுப்பு நீக்காத பால், நான்கு கைப்பிடி இலை. அமுக்கி அள்ளாதே, சும்மா அள்ளியது. காம்பு நீக்கி ஆய்ந்து, கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக விடு. பாலை அடுப்பில் வைத்து மூன்று தேக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போடு. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வரும்போதே அடுப்பை அணைத்துவிடு, பொங்க விடாதே. இலைகளை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டி அப்படியே பாலில் போட்டு, உடனே மூடிவிடு. மூடாவிட்டால் மணம் ஆவியோடு வீட்டைச் சுற்றும், பாலில் இருக்காது. அரை மணி நேரம். அதற்கு மேல் விட்டால் கசப்பு இறங்கும். பிறகு வடிகட்டு. சக்கையைக் கரண்டியால் ஒரு முறை லேசாக அமுக்கினால் போதும், முறுக்கிப் பிழிந்தால் பச்சை வாடை வந்துவிடும். மூடி, இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வை.

இலையை நேரடியாக மிக்ஸியில் அரைத்தால் என்ன என்று கேட்பாய். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். மென்தால் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். அதனால் முழுப் பாலில் ஊறவிட்டால் மணம் மட்டும் தானாக இறங்கி வரும். அரைத்தால் இலையின் கசப்பும் நாரும் சேர்ந்தே வரும்.

வடிகட்டிய பால் வெள்ளையாகத்தான் இருக்கும். லேசாக ஒரு பச்சைச் சாயல் தெரிந்தால் உண்டு. பயப்படாதே, மணம் உள்ளே இருக்கிறது. நீ படம் அனுப்பியிருந்தாயே, மெக்டொனால்ட்ஸ் 1970இல் கொண்டுவந்த ஷாம்ராக் ஷேக், மார்ச்சில் வரும் புனித பேட்ரிக் திருநாளை ஒட்டி விற்பது, அந்தப் பளிச்சென்ற பச்சை கலர் சேர்த்தால் வருவது. இலையில் இருந்து அவ்வளவு வராது. ஆனால் பண்டிகைக்குப் பச்சையாக இருந்தால் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். கலர் போடாமல் வேண்டும் என்றால் ஒரு கைப்பிடி புதினாவைத் தனியாக எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் பதினைந்து நொடி மட்டும் முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போடு. இலையைக் கருக்க வைக்கும் நொதிகள் அந்தச் சூட்டில் அடங்கிவிடும். பிறகு பிழிந்து, கொஞ்சம் குளிர்ந்த பாலோடு மையாக அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டு. வடிந்த அந்தச் சாற்றில் ஒரு சுற்றுக்கு ஒரு தேக்கரண்டி போதும். பசலைக்கீரை நாலைந்து இலை சேர்த்துக்கொண்டாலும் நிறம் கூடும், சுவை தெரியாது.

இதில் பதினைந்து நொடி என்பது பதினைந்து நொடிதான். பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. அதிகச் சூடோ புளிப்போ பட்டால் அது கழன்றுவிடும், பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும். எலுமிச்சை ஒரு சொட்டு விட்டால் தூக்கலாக இருக்குமே என்று யாராவது சொன்னால் கேட்காதே. நிறமும் போகும், பாலும் திரிந்துவிடும்.

புதினாவே கிடைக்காமல் போனால் பெப்பர்மின்ட் எசென்ஸ் இருக்கிறது. அதைப் பாலில் சொட்டுச் சொட்டாக விடு. ஒரு சொட்டு விட்டு, கலக்கி, ஒரு வாய் குடித்து, ஒரு நிமிடம் காத்திருந்து, அப்புறம் அடுத்த சொட்டு. புதினாச் சுவை நாக்கில் மெதுவாகத்தான் ஏறும். உடனே தெரியவில்லையே என்று ஊற்றினால் எல்லாம் பற்பசை மணம் அடிக்கும். இன்னொன்று, எசென்ஸ் குப்பியில் உணவுக்கானது என்று எழுதியிருக்க வேண்டும். அறையில் மணத்துக்காக வைக்கும் எண்ணெயும் பெப்பர்மின்ட் என்ற பெயரிலேயே வரும். அது வயிற்றுக்குப் போகக் கூடாது.

சரி, பண்டிகை நாள். காலையிலேயே கனமான கண்ணாடி டம்ளர்களை ஃப்ரீசரில் வைத்துவிடு. கொஞ்சம் சாக்லேட்டைச் சூடான தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, வெதுவெதுப்பாக ஆறவிடு. டம்ளரை வெளியே எடுத்து, உள்பக்கச் சுவரில் கரண்டி நுனியால் மேலிருந்து கீழாகக் கோடு இழு. குளிர்ந்த கண்ணாடியில் பட்டதுமே அது உறைந்து அப்படியே நிற்கும். சின்ன வயதில் இந்த வேலையை நான் செய்ய நீ விட்டதே இல்லை. மூக்கு டம்ளரில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு இழுப்பாய். உன் கோடுகள் எப்போதும் இடது பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதை நேராக்கச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

வெனிலா ஐஸ்கிரீம் இரண்டு லிட்டர் வாங்கு. மலிவானதில் காற்றுதான் அதிகம், அடித்ததும் அளவு வற்றிவிடும். டப்பாவைக் கையில் தூக்கிப் பார், கனமாக இருப்பதை எடு. எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் டப்பாவை வெளியே வை. பத்து நிமிடத்தில் கரண்டி தடையில்லாமல் இறங்கும். ஜாரில் முதலில் 150 மில்லி புதினாப் பால், அதற்கு மேல் அரை லிட்டர் ஐஸ்கிரீம். பால் அடியில் இருந்தால்தான் பிளேடு சுற்றும். விட்டு விட்டு இருபது, முப்பது நொடி மட்டும் ஓட்டு. அதற்கு மேல் ஓட்டினால் பிளேடின் சூட்டிலேயே பனி உருகிவிடும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மடிப்பு மடிப்பாக விழ வேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு டம்ளர், எட்டுப் பேருக்கு நான்கு சுற்று. ஒரே தடவையில் நிரப்பாதே, அடியில் தண்ணீராகவும் மேலே கட்டியாகவும் நிற்கும். ஐஸ்கட்டியும் போடாதே. அது சுவையை நீர்க்க வைக்கும்.

அடிக்கும் முன் புதினாப் பாலை ஒரு வாய் குடித்துப் பார். தனியாகக் குடிக்கும்போது புதினா கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பும் மணமும் குறைவாகத்தான் தெரியும். பாலில் அளவாக இருந்தால் ஷேக்கில் காணாமல் போய்விடும்.

மேலே வைக்க விப்பிங் கிரீம். கொழுப்பு 30 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று டப்பாவில் பார். கிரீம், பாத்திரம், அடிக்கும் கம்பி எல்லாமே குளிர்ந்திருக்க வேண்டும். கம்பியைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும் பதத்தில் நிறுத்திவிடு. அதைத் தாண்டினால் வெண்ணெய் திரளும். பெப்பர்மின்ட் மிட்டாயைப் பொடித்துத் தூவுவதாக இருந்தால் கையில் கொடுக்கும் நேரத்தில் தூவு. முன்னாலேயே தூவினால் மிட்டாய் ஈரம் இழுத்து நிறம் ஒழுகும்.

வருகிறவர்களில் பால் ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருக்கிறார்களா என்று முன்னாலேயே கேட்டுவிடு. உன் தோழி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்றாயே, அதற்குப் புதினா போடாத பாலில் கொஞ்சம் தனியாக எடுத்து வை. சிலருக்குப் புதினா நெஞ்செரிச்சலைக் கிளப்பும், எனக்கு இப்போது அப்படித்தான். ஆனாலும் பண்டிகை அன்று அரை டம்ளர் குடிப்பேன், அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான்.

ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. ஏழு வயதில், புதினா ஊறிக்கொண்டிருந்த சூடான பாலை ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டு, "சூடா இருக்கு, ஆனா ஜில்லுனு இருக்கே, எப்படிப்பா?" என்று கேட்டாய். அன்று எனக்குத் தெரியவில்லை. அது அப்படித்தான்மா என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். பிறகுதான் படித்தேன். குளிரை உணரும் நரம்புகளில் ஒரு புரதம் இருக்கிறது. உண்மையான குளிர் பட்டாலும் அது திறக்கும், மென்தால் பட்டாலும் திறக்கும். மூளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, குளிர் என்றே எடுத்துக்கொள்ளும். இதை 2002இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் குழுக்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. சூட்டையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 2021இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தியைப் பார்த்த அன்றே உன்னை அழைத்துச் சொல்ல நினைத்தேன். உனக்கு அலுவலக நேரம் என்று விட்டுவிட்டேன். இத்தனை வருடம் கழித்து இப்போது சொல்கிறேன். உன் நாக்கு பொய் சொல்லவில்லை கண்ணு, கேள்வியும் சின்னக் கேள்வி இல்லை.

அன்று சமையலறைக் கதவை மூடிக்கொண்டு தனியாக அடிக்காதே. மிக்ஸியைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்து வை. ஒருத்தர் ஐஸ்கிரீம் அள்ளிப் போடட்டும், ஒருத்தர் கிரீம் வைக்கட்டும். முதல் இரண்டு டம்ளர் தயாரானதும் கொடுத்துவிடு, எட்டும் சேரட்டும் என்று காக்க வைக்காதே.

இலை ஆயும்போது காம்புகளை எல்லாம் குப்பையில் போட்டுவிடாதே. நல்ல தடிமனாக இருப்பதில் இரண்டு மூன்றை எடுத்து, நுனியில் நாலு இலை விட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் ஜன்னல் ஓரம் வை. இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்று. ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை வேர் விடும். பெப்பர்மின்ட்டை அப்படித்தான் வளர்க்க முடியும். இரண்டு புதினா இனம் கலந்து பிறந்த செடி அது, முளைக்கிற விதை அதில் பிடிக்காது. அம்மா தொட்டியில் இருப்பதும் யாரோ கொடுத்த ஒரு காம்பில் இருந்து வந்ததுதான். வேர் விட்டதும் ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பு. எந்தத் தொட்டி, எவ்வளவு மண், எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் என்று அவளே உன்னை அழைத்துச் சொல்வாள்.

அன்புடன்,
அப்பா