திருகு எங்கள் கையில் இல்லை

சுவிஸ் அரசாங்கமான கூட்டாட்சிப் பேரவையின் ஏழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

1990இல் வருடத்துக்கு ஆளுக்கு 6 தொன்னுக்கு மேல் இருந்த காபனீரொட்சைட் இப்போது 4 தொன்னுக்குக் கீழே வந்துவிட்டது என்கிறீர்கள். பக்கத்து ஜேர்மனியில் இன்னும் 7 தொன் அளவில் நிற்கிறது. சந்தோஷம். அந்த 'ஆள்' கணக்கில் நானும் ஒருவன் என்பதால், சூடாக்கும் எண்ணெய்க்கான காபன் வரியை யார் கட்டுவது என்பது பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது எண்ணெயில் சூடாகும் பழைய அடுக்குமாடி. வரவேற்பறை ரேடியேட்டரின் திருகு மூன்று குளிர்காலமாக இறுகிப்போய் நிற்கிறது, மூடவே முடியாது. ஜனவரியில் வெளியே உறைபனி, உள்ளே நாங்கள் பெனியனோடு யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறோம். பிள்ளைகளின் அறையிலோ யன்னல் இடுக்கில் துவாயைச் சுருட்டி வைக்காமல் படுக்க முடியாது. நிர்வாக அலுவலகத்துக்கு எழுதினால், "கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது பார்க்கலாம்" என்று வருடா வருடம் அதே பதில்.

அப்புறம் 'நேபன்கோஸ்டன்' கணக்கு, அதாவது வாடகைக்கு மேல் கட்டும் சூடாக்கல் போன்ற செலவுகளின் கணக்கு வரும். தொன்னுக்கு 120 பிராங் என்ற உங்கள் காபன் வரி, எண்ணெயில் லிட்டருக்கு 32 ரப்பன் (சதம்) அளவில் ஏறுகிறது. வீட்டுக்காரர் அதைச் சதம் பிசகாமல் எங்கள் தலையில் இறக்குகிறார். அதில் ஒரு பகுதியை எல்லோருக்கும் மருத்துவக் காப்புறுதிக் கட்டணத்தில் கழித்துத் தருகிறீர்கள், உண்மைதான். வீட்டுக்காரருக்கும் அதே தொகைதான் கழிகிறது. கொதிகலனை மாற்றும் அதிகாரம் அவரிடம், வரி எங்களிடம். அவருக்கு என்ன அவசரம்?

ஜேர்மனியில் 2023 ஜனவரியிலிருந்து வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் இந்தச் செலவைப் பகிர்கிறார்கள். கட்டடம் படுமோசம் என்றால் 95 வீதம் வரை வீட்டுக்காரர் பாடு. பத்துக்கு ஆறு குடும்பம் வாடகையில் இருக்கும் இந்த நாட்டிலும் அதைக் கொண்டுவாருங்கள்.

அந்த 4 தொன் பெருமையையும் கொஞ்சம் பார்ப்போமே. சூரிச்சிலிருந்து வெளிநாடு பறக்கும் விமானங்களின் புகை அதில் இல்லை. (நாங்கள் கொழும்புக்குப் போய்வருவதும்தான், ஒப்புக்கொள்கிறேன்.) வெளிநாட்டில் செய்து இங்கே வாங்கும் சாமான்களின் புகை, செய்த நாட்டின் தலையில். எல்லாவற்றையும் சேர்த்தால் நம் காபன் சுவட்டில் (நம்மால் உண்டாகும் மொத்தப் புகையில்) சுமார் மூன்றில் இரண்டு பங்கு எல்லைக்கு வெளியே என்று உங்கள் திணைக்களங்களே சொல்கின்றன. போதாததற்கு, சுவிஸ் பணத்தில் பாங்கொக்கில் மின்சார பஸ் ஓடிக் குறைந்த புகை, இந்த நாட்டின் காலநிலை இலக்குக் கணக்கில் வரவாக விழுகிறது. பாங்கொக் வரை எட்டும் கைக்கு என் வரவேற்பறைத் திருகு எட்டாதா?

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். வரியை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2023 ஜூன் மக்கள் வாக்கெடுப்பில் காலநிலைச் சட்டத்துக்கு 59 வீதம் பேர் 'ஆம்' போட்டபோது நானும் போட்டவன். வரியில் வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு வையுங்கள், அவ்வளவுதான். அடுத்த குளிர்காலக் கணக்கு வருமுன் ஒரு பதிலாவது தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாடகைக் குடியிருப்பாளன்