சார்ஜர் வயரைப் பிடுங்கச் சொல்லாதீர்கள்

நம் ஊர் இளைஞர் மன்ற நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

நான் கடைத்தெருவில் மடிக்கணினியும் கைப்பேசியும் பழுது பார்ப்பவன். போன சனிக்கிழமை தம்பி மகனை அழைத்துப் போக மண்டபத்துக்கு வந்தபோது, கேம் விளையாடும் மேசைக்கு மேலே நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். 'சார்ஜரில் போட்டுக்கொண்டு விளையாடாதீர்கள், பேட்டரி கெட்டுவிடும். முழுவதும் இறங்கிய பிறகே சார்ஜ் செய்யவும்.' பிள்ளைகளின் பொருள் வீணாகக் கூடாது என்ற அக்கறையில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதன்படி நடந்தால் பேட்டரி இன்னும் சீக்கிரம் தேயும்.

முழுவதும் இறக்கிவிட்டு ஏற்று என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. அப்போது சரி. இன்று மடிக்கணினிக்குள் இருப்பது லித்தியம் அயன். 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. அது அடிமட்டம் வரை இறங்கக் கூடாது. ஒவ்வொரு முழு இறக்கமும் ஏற்றமும் அதன் ஆயுளில் ஒரு சுற்று. சில நூறு சுற்றுகளிலேயே தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். கேமிங் மடிக்கணினி வயர் இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிது. ஒரே மதியத்தில் பிள்ளைகள் இரண்டு சுற்றைத் தீர்த்துவிடலாம். கிராஃபிக்ஸ் சிப் கேட்கும் மின்சாரத்தைப் பேட்டரியால் கொடுக்கவும் முடியாது. கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆட்டம் திக்கித் திக்கி ஓடும்.

வயர் செருகியிருக்கும்போது, பேட்டரி நிறைந்ததும் கணினியே சார்ஜை நிறுத்திவிடும். ஆட்டத்துக்கான மின்சாரம் அடாப்டரிலிருந்து நேராக வரும். அடாப்டரின் சக்தி போதாமல் போனால் மட்டும் பேட்டரி இடையிடையே கைகொடுக்கும்; அதனால் கணினியோடு வந்த அடாப்டரையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

உங்கள் அறிவிப்பில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். லித்தியம் பேட்டரியைச் சூடும் தின்னும், எந்நேரமும் சார்ஜ் 100 விழுக்காட்டிலேயே நிற்பதும் தின்னும். இரண்டும் சேர்ந்தால் மோசம். சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். டச்பேட் மேலே எழும்பி நின்றது. திறந்து பார்த்தால் பேட்டரி பூரிபோல் உப்பியிருந்தது. மெத்தைமேல் வைத்தே விளையாடியிருக்கிறார். காற்றுத் துளைகள் அடைபட்டு, இரவு பகலாக 100-இல் கிடந்திருக்கிறது. அவருடைய அம்மா செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிச் சேர்த்த காசில் வாங்கிக் கொடுத்த கணினி அது. புது பேட்டரிக்கு ஈப்போவரை போக வேண்டியிருந்தது. இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. (அப்படி உப்பிய பேட்டரியை யாரும் அழுத்தவோ குத்தவோ கூடாது. உடனே அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுவரட்டும்.)

ஆகவே வயர் இருக்கட்டும். சார்ஜ் 80-இல் நிற்கும்படி வைக்கச் சொல்லுங்கள். லெனோவோவில் கன்சர்வேஷன் மோட் இருக்கிறது, ஏசூஸில் மைஏசூஸ் செயலிக்குள் இருக்கிறது. மற்றப் பல கம்பெனிக் கணினிகளிலும் இந்த வசதி உண்டு. அப்புறம் அந்த மேசை. தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு மனிதனுக்கே மூச்சு முட்டுகிறது. மேலே விரித்திருக்கும் கனத்த துணியை எடுத்துவிட்டு, மேசையைக் காற்றாடிக்கு நேரே நகர்த்துங்கள். கணினியின் பின்பக்கத்தை இரண்டு விரல் அளவு உயர்த்த ஒரு மரக்கட்டை போதும்.

வயரைப் பிடுங்கியே ஆக வேண்டிய நேரம் இடி இடிக்கும் நேரம். நம் பக்கத்துச் சாயங்கால மழை உங்களுக்குத் தெரியாததா? மின்னலில் அடாப்டரும் மதர்போர்டும் சேர்ந்தே போன கணினிகள் என் கடைக்கு வந்திருக்கின்றன.

வரும் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடையை அடைத்துவிட்டு மண்டபத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பிள்ளையின் கணினியிலும் 80 வைத்துத் தருகிறேன். விண்டோஸில் பேட்டரி அறிக்கையும் எடுத்துக் காட்டுகிறேன்; புதிதில் எவ்வளவு கொள்ளளவு, இன்று எவ்வளவு என்று இரண்டு எண்களும் அதில் இருக்கும். கூலி வேண்டாம். அதற்குள் அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
கடைத்தெரு பழுதுபார்ப்பவன்