அசுர ராஜா செத்த பிறகுதான் கதையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழின் சிறுவர் பக்கத்தில் ஃபிரீரன் என்ற மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையைப் பற்றி அரைப்பக்க அறிமுகம் வந்திருந்தது. 'அசுர ராஜாவைக் கொன்ற பிறகு கதை தொடங்குவதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை, குழந்தைகள் பொழுதுபோக்காகப் புரட்டலாம்' என்று முடித்திருந்தார் எழுதியவர். இரண்டு நாள் ஆறப்போட்டுப் பார்த்தேன், மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒன்றும் நடப்பதில்லையா? ஹிம்மல் என்ற வீரன், ஹைட்டர் என்ற பாதிரியார், ஐசன் என்ற குள்ளர் இனத்துப் போர்வீரன், ஃபிரீரன் என்ற மந்திரக்காரி, இந்த நாலு பேரும் பத்து வருஷம் ஒன்றாக அலைந்து அசுர ராஜாவை முடித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். ஃபிரீரன் எல்ஃப் இனத்தவள், ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவள், பத்து வருஷம் அவளுக்கு நம் கோடை விடுமுறை மாதிரி. அன்றிரவு ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வரும் எரிநட்சத்திர மழையைப் பார்க்கிறார்கள். அடுத்த தடவை இதைவிட நன்றாகத் தெரிகிற இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிடுகிறாள். சொன்னபடி ஐம்பது வருஷம் கழித்து வருகிறாள். ஹிம்மல் உடம்பு சுருங்கி, தலை வழுக்கையாகி, வெள்ளைத் தாடியோடு நிற்கிறான். அவள் எப்போதோ கொடுத்துவைத்த டிராகன் கொம்பை, அதிலிருந்து கெட்ட சக்தி கசிந்தும்கூட, அத்தனை வருஷமும் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறான். எரிநட்சத்திரங்களைச் சேர்ந்து பார்க்கிறார்கள், அப்புறம் அவன் இறந்துபோகிறான். அடக்கத்தில் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையே என்று ஊர் முணுமுணுக்கிறது. அப்போதுதான் அவள் உடைகிறாள். இவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே, பத்து வருஷம்தானே கூடப் போனேன், மனிதர்களுக்கு ஆயுள் குறைச்சல் என்று தெரிந்தும் ஏன் தெரிந்துகொள்ளப் பார்க்கவில்லை என்று அழுகிறாள். இவ்வளவும் முதல் அத்தியாயத்திலேயே நடந்துவிடுகிறது, ஐயா.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசி 11 வருஷம் என் பக்கத்துக் கவுண்டரில் ஒருவர் இருந்தார். அவர் தவறிவிட்டார் என்று கேட்டுத் துக்கம் விசாரிக்கப் போனேன். அவருடைய மகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, 'அங்கிள், அப்பா வீட்டில் அதிகம் பேச மாட்டார், ஆபீஸில் எப்படி இருப்பார்?' என்று கேட்டது. எனக்கு வாயில் வந்தது இரண்டே இரண்டு. சர்க்கரை போடாத டீ குடிப்பார். நோட்டு எண்ணும்போது ரப்பர் பேண்டை இடது மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார். இதற்கு மேலும் ஏதாவது சொல்வேன் என்று அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

மூன்று மாதம் கழித்து என் அண்ணன் பேத்தி இந்த மங்காவின் முதல் தொகுதியை ஆங்கிலப் பதிப்பில் கொடுத்தாள். வலமிருந்து இடமாகப் படிக்கக் கண் பழக இரண்டு நாள் ஆனது. அந்த அடக்கப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். இதைக் குழந்தைகள் பொழுதுபோக்காகப் புரட்டலாம் என்கிறார் உங்கள் கட்டுரையாளர்.

இந்தக் கதையில் காலத்தை எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்று அவர் கவனித்தாரா? 'ஹிம்மல் இறந்து 28 வருஷம்', 'ஹிம்மல் இறந்து 29 வருஷம்' என்றுதான் ஒவ்வொரு பயணமும் தொடங்குகிறது. நம் வீடுகளிலும் இப்படித்தானே பேசுகிறோம், அம்மா போன மறுவருஷம் இந்த வீட்டைக் கட்டினோம், அப்பா போய் மூணாவது வருஷம் இவள் பிறந்தாள் என்று. ஊர் ஊராக ஹிம்மலுக்குச் சிலை நிற்கிறது. உயிரோடு இருந்தபோது அவன் ஏன் அத்தனை சிலைக்கு நின்று கொடுத்தான் என்றால், பின்னாளில் ஃபிரீரன் தனியாகிவிடக் கூடாது என்பதற்காக. அந்தச் சிலை ஒன்றைச் சுற்றி நடுவதற்கு, அவன் ஊரில் பூத்த ஒரு நீலப் பூவை, இனிமேல் உலகத்திலேயே இல்லை என்று எல்லோரும் சொல்லும் பூவை, அவள் மாதக்கணக்கில் தேடித் திரிகிறாள். கூட இருக்கும் சிஷ்யப் பெண் ஃபெர்னுக்கே பயம் வந்துவிடுகிறது. கத்திச் சண்டை இருந்தால்தான் ஏதோ நடப்பதாகக் கணக்கா?

'வாயில் நுழையாத ஜப்பானியப் பெயர்கள்' என்றும் எழுதியிருக்கிறார். அவை ஜெர்மன் சொற்கள். ஹிம்மல் என்றால் வானம், ஐசன் என்றால் இரும்பு, ஃபிரீரன் என்றால் உறைவது. உங்களுக்குத் தெரியாததல்ல, அச்சுக்குப் போகுமுன் நீங்கள் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். '28 பகுதிகளில் முடிந்த கதை' என்பதும் தப்பு. 28 என்பது 2023 செப்டம்பரில் தொடங்கி அடுத்த மார்ச் வரை ஒளிபரப்பான அனிமேயின், அதாவது இதே கதையின் கார்ட்டூன் தொடரின், முதல் சீசன் கணக்கு. மங்கா 100 அத்தியாயங்களைத் தாண்டிப் போய்விட்டது. இதைவிடக் கொடுமை, ஃபிரீரனை 'அவன்' என்று எழுதியிருப்பது. புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர் யாரும் அப்படி எழுத முடியாது.

ஷோகாகுகான் நிறுவனத்தின் வீக்லி ஷோனென் சண்டே என்ற இதழில் 2020 முதல் இது வருகிறது. பையன்களுக்கான இதழ்தான், மறுக்கவில்லை. ஆனால் மறுவருஷமே மங்கா தாய்ஷோ விருது கிடைத்தது, அசாஹி ஷிம்பன் நாளிதழ் வழங்கும் தெஸுகா ஒஸாமு கலாச்சார விருதில் புதுப் படைப்பாளிக்கான பரிசும் கிடைத்தது. அங்கே ஒரு செய்தித்தாளே முன்நின்று படக்கதைக்கு விருது கொடுக்கிறது. இங்கே நீங்கள் 'பிள்ளைகளைப் படக்கதையிலிருந்து நல்ல புத்தகத்துக்கு மாற்றுவது எப்படி' என்று நாலு வாரம் தொடர் போட்டீர்கள். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் வந்ததிலிருந்து காமிக்ஸ் படித்து வளர்ந்த ஊர் இது, அந்த வாசகர்களுக்கெல்லாம் இன்று பேரன் பேத்தி இருக்கிறார்கள். அந்தத் தொடருக்கு நான் எழுதிய பதிலில் பாதியை வெட்டி, தொடரைப் பாராட்டிய முதல் இரண்டு வரியை மட்டும் போட்டிருந்தீர்கள். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்து நூலகத்திலும் இதே கதைதான். இரண்டு, நான்கு, ஐந்து தொகுதிகள் மட்டும் குழந்தைகள் அலமாரியில் வண்ணம் தீட்டும் புத்தகங்களோடு கிடக்கின்றன. எடுத்துக்கொண்டு போய் நீட்டினால் 'பேரனுக்கா சார்?' என்கிறார்கள். மூன்றாவது தொகுதி எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. கதையை எழுதியவர் யமடா கனெஹிட்டோ, வரைந்தவர் அபே ட்சுகாசா. எழுதியவர் பெயரை மட்டும் போட்டுவிட்டு வரைந்தவரை விட்டுவிட்டீர்கள். ஃபிரீரன் பேசாமல் நிற்கும் பக்கங்களில் அவர் வரைந்த முகத்தை வைத்துத்தான் நாம் எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறோம். அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது அவர் பெயரைப் போடுங்கள். 'அவன்' என்பதை 'அவள்' என்று திருத்திவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் முழுசாகப் போடுங்கள், இல்லாவிட்டால் போடவே வேண்டாம்.

இப்படிக்கு,
22 வருஷச் சந்தாதாரர்,
தஞ்சாவூர்